டிக்கிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு

"ஙீ...ய்ய்ய்ய்..."

சுவருக்கு அந்தப் பக்கம், கார் ஷெட்டிலிருந்து எழுந்த அந்தச் சத்தம் சமையலறை வரை வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது. காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் முதுகில் ஏறிக்கொண்டு இந்த முனகலும் கூடவே ஓடியது.

"என்னடி இது, காதுக்குள்ள கொசு புகுந்த மாதிரி?" என்றார் மாமியார், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"ஆல்டர்னேட்டர் அத்தை. இன்ஜின் ஓடுறப்போ பேட்டரிக்குக் கரண்டு தயார் பண்ற சாமான். அதோட சத்தத்துக்கு ஸ்பீக்கர்ல என்ன வேலை? யாரோ எங்கயோ வழி விட்டிருக்காங்க."

"பார்க்காமலே சொல்றியே!"

"அதுதான் ஊரக் கூட்டி ஒப்பாரி வைக்குதே, இன்னும் பார்க்க என்ன இருக்கு?"

மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக நடந்தாள். ஷெட்டில் காருக்குள் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தவர், அவள் எட்டு வருஷம் வேலை பார்த்த கார் ஆடியோ கடையின் மேனேஜர்.

அந்தக் கடைக்கு அவள் பில் போடத்தான் போனாள். பில் போட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சீட்டுக்கு அடியில் படுத்திருந்தாள். இன்ஜினின் உறுமலுக்கு நடுவே எந்த வயர் முனகுகிறது என்று அவளுக்கு மட்டும் கேட்டது. 'காதுக்காரி' என்று கேலியாகப் பெயர் வைத்த ஃபிட்டர்களே, பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் "காதுக்காரியக் கூப்பிடு" என்றார்கள். ஆனால் வேலை முடிந்து, செய்ததை எழுதி வைக்கும் கார்டில் கையெழுத்துப் போட்டது என்னவோ ஹெட் ஃபிட்டர்தான். ஒருநாள் அவள் வாய்விட்டுக் கேட்டாள். "கஸ்டமர் பயந்துடுவாங்கம்மா" என்று சிரித்தார் மேனேஜர். அன்றைக்கே டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

இரண்டு வருஷமாக, வீட்டை ஒட்டிச் சொந்தமாக இந்த ஷெட். மாதத்தில் நாலு வண்டி வந்தால் அதிசயம். "இந்த வருஷம் பார்ப்போம், இல்லன்னா மூடிடலாம்" என்று லாரி ஓட்டும் கணவன் சொல்லிவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"வா வா, வேலை மறந்து போகலையே?" என்றார் மேனேஜர்.

"மறக்கிற வேலையா சார் இது?"

"இது முதலாளியோட வண்டி. புதுசா நாலு இருந்தும் இந்தப் பழசுலதான் ஏறுவார். எட்டு நாளா மூணு பேரு மல்லுக்கட்டறாங்க. பிளேயர் மாத்தியாச்சு, கேபிள் மாத்தியாச்சு, சத்தத்த வடிகட்ட ஃபில்டர் ரெண்டு போட்டாச்சு..."

"இருமுறவன் வாயப் பொத்திட்டா இருமல் போயிடுமா சார்?"

"சரி, நீ வைத்தியம் பாரு. இதத் தீர்த்துட்டா, எங்க கடையில தீராத வண்டி எல்லாம் இனி இந்த ஷெட்டுக்குத்தான். முதலாளியே சொல்லிட்டார்."

ஷெட் பிழைக்கும்! அந்த ஒரு நினைப்போடு டிக்கியைத் திறந்தாள்.

இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். பாட்டு மட்டும் கேட்டது. ஓட்டச் சொன்னாள், முனகல் திரும்பியது. டிக்கிக்குள் தலையை விட்டு, பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் இரண்டு கேபிள்களைப் பிடுங்கினாள், நிசப்தம். செருகினாள், மறுபடி அழுகை. அடுத்து, நீளமான ஒரு வயரைப் பேட்டரியின் மைனஸிலிருந்து இழுத்து வந்து, ஆம்ப்ளிஃபையரின் கரண்டு வண்டியின் இரும்புக்குத் திரும்பும் எர்த் முனையில் தொட்டாள்.

அழுத குழந்தை மடிக்கு வந்ததும் அடங்குவதுபோல அந்தச் சத்தம் அடங்கியது. பாட்டு மட்டும் தனியாக, சுத்தமாக நின்றது.

"எர்த்துதான் சார். பாடியில முடுக்கின இடம் சரியில்ல."

"அத என் ஆளுங்க பார்த்தாங்களே! இறுக்கமாத்தான் இருக்குன்னாங்க."

"இறுக்கம் வேற, ஒட்டுறவு வேற சார்" என்று சிரித்தபடி அவள் போல்ட்டைக் கழற்றி, எர்த் வயரின் முனையிலிருந்த வளையத்தைத் தூக்கினாள். சிரிப்பு அப்படியே உறைந்தது.

வளையத்துக்கு அடியில், இரும்பின் மேல், அடர்சிவப்பாக ஒரு பொட்டு. நகப்பூச்சு!

நகத்துக்கு என்று அவள் அதை ஒருநாளும் பூசியதில்லை. துரு ஏறாமல் இருக்க எர்த் போல்ட்டுக்குப் பூசுவாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. பெயிண்டைச் சுரண்டி, வளையத்தை வைத்து இறுக்கி, அதற்கு மேல்தான் பூச வேண்டும். வேலை பழகிய முதல் சில மாதங்களில் அவள் முதலில் பூசிவிட்டு, காய்ந்த பிறகு இறுக்கியிருந்தாள். பார்க்க அழகுதான், ஆனால் இரும்புக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு திரை. இத்தனை காலம் போல்ட்டின் மரை வழியாகத் தப்பித்து வந்த கரண்டுக்கு, மரையும் துருப்பிடித்ததும் போக வழியில்லை.

"என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" மேனேஜர் பழைய கார்டை நீட்டினார். "யாரு செஞ்ச கூத்துன்னு நான் சொல்லட்டா? இங்க பாரு, ஹெட் ஃபிட்டர் கையெழுத்து. இன்னிக்கு அவனுக்கு இருக்கு கச்சேரி!"

எட்டு வருஷம் அவள் உழைப்பைத் தன் பேனாவால் தன் பெயரில் எழுதிக்கொண்டவன்! அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா தலையாட்டினால் போதும். வண்டிகள் வரும். ஷெட் நிற்கும்.

கதவோரம் மாமியார் வந்து நின்றதை அவள் பார்த்தாள்.

"அவர் இல்ல சார். நான்."

"என்ன உளர்றே?"

"அவர் கையெழுத்துதான் போட்டார். சுரண்டினது, பூசினது, முடுக்கினது எல்லாம் இந்தக் கைதான்."

மேனேஜர் தலையில் கை வைத்தார். "பொழைக்கத் தெரியாதவளா இருக்கியேம்மா! நீ வாயத் திறக்கலன்னா யாருக்குத் தெரியும்?"

"நல்லாப் பாடின வண்டி எல்லாம் என்னுதுன்னு எட்டு வருஷமா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன் சார். முனகுற வண்டிய மட்டும் அவர் தலையில கட்டினா, அந்த எட்டு வருஷமும் எனக்கு இல்லாமப் போயிடும்."

சொல்லிவிட்டுக் குனிந்தாள். சிவப்பைச் சுரண்டினாள். இரும்பு வெள்ளி மாதிரிப் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்தாள். புது போல்ட், புது வளையம். இறுக்கிய பிறகு மேலே பூசினாள். வீணாகப் போட்ட ஃபில்டர் இரண்டையும் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, இன்றைய கார்டில் 'பழுதுக்குக் காரணம்' என்ற இடத்தில் நடந்ததை எழுதி, 'ஃபிட்டர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக.

"முதலாளி இதப் படிப்பார். வண்டி அனுப்புற ஏற்பாடு நடக்காமப் போகலாம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், உங்க ஆளுங்க மூணு பேரு எட்டு நாளாத் தேடியும் கிடைக்காத தப்பு, என் மருமக செஞ்சது. அதக் கண்டுபிடிக்கவும் அவளேதான் வேணும்னா, உங்க கடையில வேலை தெரிஞ்சவ யாருன்னு அந்த முதலாளியையே யோசிக்கச் சொல்லுங்க!"

மேனேஜர் காரில் ஏறி இன்ஜினை உறுமவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். பாட்டுக்கு அடியில் ஒரு சின்ன இழைகூட இல்லை. கார்டை மடிக்காமல், கவனமாகப் பக்கத்து சீட்டில் வைத்தார்.

"வரேங்க" என்றார் கண்ணாடியை இறக்கி. வண்டி பின்னால் நகர்ந்து தெருவில் திரும்பியது.

"ஏண்டி, இதுக்கா அழுவாங்க?" என்றார் மாமியார், முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நான் எங்க அத்தை அழறேன்? வெங்காயம் உரிச்சது நீங்க."

இருவரும் ஷெட்டின் தகரக் கதவுகளை ஆளுக்கொன்றாக இழுத்துச் சேர்த்தார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.