அம்மாவின் கண்களைச் சுற்றிய கருமை

அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் நீங்கள், அம்மாவின் கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டைப் பற்றிப் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்ததை மகளாகிய நானே சொல்லிவிடுகிறேன்.

சென்னீர்குப்பத்தில், பிறர் நிலத்தில் உழைத்த குடும்பத்தில் பிறந்தவர் அம்மா. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்த அப்பாவை மணந்து ஆவடிக்கு வந்தார். என்னைப் படிக்கவைக்கப் புடவைகளின் கீழ்விளிம்பில் ஃபால்ஸ் துணி வைத்துத் தைத்தார். அவரிடம் கொடுத்த பட்டில் ஓர் இழைகூடப் பிசிறாது என்று பெயர் எடுத்தவர்.

முதலில் கெட்டுப்போனவை நகங்கள்தாம். மெலிந்து, நெடுக்காகக் கோடு விழுந்து, நுனியில் பிளந்தன. பட்டில் மாட்டி இழுத்தன. "வயசாவுதுல்ல, அதான்" என்று ஒட்ட வெட்டிக்கொண்டு தைத்தார்.

பிறகு ஒரு மார்கழியில் இருமல் வந்தது. விடாமல் இருமிய மறுநாள் காலை அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன். இரண்டு கண்களைச் சுற்றியும் நாவல்பழம் நசுங்கியதுபோலக் கருநீலம். வலியே இல்லை என்றார். வாசலில் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தினார்: "இன்னா இது? அண்ணன் கை வச்சிட்டாரா?"

சில நாளில் அது மறையும். இருமினாலோ வெகுநேரம் குனிந்து கோலம் போட்டாலோ மீண்டும் வரும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பா தாங்கிப் பிடித்தால், அவருடைய விரல்கள் அப்படியே அம்மாவின் கையில் பதிந்துவிடும். செய்தி முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு எட்டியது. வந்தவர் அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என் தங்கச்சிய அடிச்சிட்டு இங்க குந்திகினு கீறியா நீ?"

"அவரு அடிக்கலண்ணா" என்றார் அம்மா.

"நீ அப்டித்தான் சொல்லுவ."

 அன்று முதல் அப்பா அம்மாவைத் தொடுவதையே விட்டார். படியில் அம்மா தடுமாறினாலும் என்னைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் சமையலறையில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தூக்கத்துல நான் எதனா பண்றனாம்மா?" அந்தக் கேள்வி இன்றும் என் காதைவிட்டுப் போகவில்லை.

அம்மாவின் குரல் கம்மி, கால்கள் வீங்கியபின் அரசு மருத்துவமனைக்குப் போனோம். கண்ணைச் சுற்றிய கருமையைக் கண்டு தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவர் அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். இமைகளில் மெழுகுத் துளிபோன்ற சிறு பருக்கள் இருந்தன. நகங்களைத் தடவிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தடித்திருந்த நாக்கின் ஓரமெங்கும் பல் தடம். வயிற்றுக் கொழுப்பில் சிறிது எடுத்துச் சோதித்தபின் நோயின் பெயரைச் சொன்னார்: அமிலாய்டோசிஸ். உடம்பில் உருவாகும் ஒரு கெட்ட புரதம் தோலிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் போய்ப் படிகிறதாம். ரத்தக்குழாய்கள் அதனால் எளிதில் உடையும். இருமினாலே கண்ணைச் சுற்றி ரத்தம் கசியும். பிறகு அப்பாவை உள்ளே அழைத்து, "உங்க மேல தப்பே இல்லைங்க" என்றார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஊசி மருந்துகள் கொஞ்சகாலம் தாங்கின. பேச்சு குழறியபோதும் அம்மா எங்களை வேலைக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பார். ஒரு மதியம் இதயம் அடங்கிவிட்டது. குளிப்பாட்டிய பெண்கள் உடம்பிலிருந்த கருமைகளைப் பார்த்து ஒருவரையொருவர் நோக்கினார்கள். அது தெரிந்து மாமா கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அது நோவு. மாப்ள அடிக்கல. நான்தான் அவர் மேல கை வச்சேன்."

இது பரம்பரையாக வரும் வகையல்ல என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இருந்தும் இருமல் வந்தால் மறுநாள் கண்ணாடி பார்க்க அஞ்சுகிறேன்.

நோயைக் கண்டறிந்த மருத்துவருக்கும், செவிலியருக்கும், இறுதிவரை அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா இன்னும் யாரையும் தொடுவதில்லை. என் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாலும் கைகளை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார். திதிக்கு வரும்போது, நீங்களாகவே அவர் கையைப் பிடித்துப் பேசுங்கள்.