நாத்தனார் வீட்டு உப்புக்கண்டம்

என் கணவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டபோது எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், அப்படி என்னதான் ஆக்கிப் போட்டாய் என்று. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி எனக்கு மறக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் போகும் தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர். தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் போனோம். ரத்தக் கொதிப்பு. உப்பைக் கம்மி பண்ண வேண்டும், கருவாடு, ஊறுகாய், உப்புக்கண்டம் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

உப்புக்கண்டம் என்றதும் அவர் முகம் தொங்கிவிட்டது. என் முகமும்தான். நானும் அதைத் தின்று வளர்ந்தவள். ஆடு அறுத்தால் மிஞ்சிய கறியில் உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் காய வைப்போம். கட்டை மாதிரி இறுகிய துண்டை அம்மியில் நசுக்கி, கடலை எண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வறுத்தால், களி எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது. அன்றைக்கே வீட்டில் இருந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு இல்லாததை நான் தின்ன மனம் வரவில்லை. உப்புச் சப்பில்லாத அதே குழம்பைத்தான் நானும் வருஷக்கணக்கில் சாப்பிட்டேன்.

கொதிப்பு இறங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் என்னை முறைப்பார். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு பங்குனியில் கீழ்பென்னாத்தூருக்கு, அவருடைய அக்கா வீட்டுக்குப் போனேன். மாடியில் துணி எடுக்க ஏறினால், கயிறு முழுக்க உப்புக்கண்டம் தொங்கியது. இவ்வளவு யாருக்கு என்று நாத்தனாரைக் கேட்டேன்.

“தம்பிக்குத்தான். மத்தியானம் பஸ்ஸ நிறுத்திட்டு வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போவான். நீதான் ஒண்ணும் ஆக்கித் தரமாட்டேன்றியாமே” என்றார்.

அப்போதே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அன்று அவர் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை.

“கெடுதல்னு தெரியும். நாக்கு கேக்குது. என்னா பண்ணச் சொல்ற?”

“என் நாக்கு கேக்கலீங்களா?”

மறுநாளும் அக்கா வீட்டுக்குத்தான் போனார்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், அங்கே சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே விழுந்தார். பஸ் நின்றிருந்தது, ஜனங்கள் பிழைத்தார்கள். வண்டி ஓடும்போது நடந்திருந்தால் என்று நினைத்து இவர் மேல் பல்லைக் கடித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் கட்டில் பக்கத்திலேயே நின்று நாத்தனார் சொந்தக்காரர்களிடம், பொண்டாட்டி ஒழுங்காகக் கவனித்திருந்தால் இப்படி ஆகுமா என்று அழுதார். இவருக்குப் பேச்சு குழறினாலும் போய்விடவில்லை. நான்தான் தின்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டார். அந்த மூடிய கண்ணைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான்தான் ஊட்டினேன். ஒரு நாள் நாத்தனார் ஒரு தூக்குச் சட்டியோடு வந்து நின்றார்.

“வாய்க்கு ருசியா ஒண்ணும் இல்லாம கெடக்கறான். ஒரே ஒரு துண்டு குடும்மா.”

மூடியைத் திறந்ததும் வறுத்த வாசனை. அவ்வளவு ஆத்திரத்திலும் என் வாயில் எச்சில் ஊறியது. இவர் கட்டிலில் இருந்து தூக்கையே பார்த்தார். நான் தட்டில் சோறு போட்டு, இருவர் எதிரிலும் தரையில் உட்கார்ந்து, அத்தனையும் தின்றேன்.

“எனக்குந்தான் ஆசை இருந்துது அண்ணி” என்று சொல்லிக் கையை நக்கினேன்.

நாத்தனார் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு போனவர் வெகுகாலம் வரவில்லை. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுப்பியபோது, “நல்லா இருந்துதா?” என்று கேட்டார். உப்பு ஜாஸ்தி என்றேன்.

பிறகு சில வருஷம் கோல் ஊன்றித் தெருமுனை வரை நடந்தார். பஸ் ஓட்டவே இல்லை. என்ன தின்றார் என்பதை யாரிடமும் சொல்லாமலே போய்விட்டார். இப்போது எனக்கும் கொதிப்பு. மாத்திரையை விழுங்கிவிட்டு, வெயில் வந்தால் மாடியில் உப்புக்கண்டத்துக்குக் கயிறு கட்டுகிறேன். யாராவது வாய் திறந்து கேட்கட்டும், நான்தான் தின்கிறேன் என்று சொல்கிறேன்.