ஆர்டிஸ் ஹால்வர்சனின் விதைப்பூண்டு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குடைமிளகாய்ப் பாத்திகளுக்குத் துணி போர்த்தியது. செப்டம்பர் கடைசி. அன்றிரவு முதல் உறைபனி விழும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். வரிசையின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். நடுவே நீளமான வெள்ளைத் துணி காற்றில் புடைத்துக்கொண்டிருந்தது.

"இழுக்காதடா சோரன். புடிச்சுக்கிட்டு நில்லு, போதும். இது என்ன உன் ஃப்ரிட்ஜ் கதவா?"

நான் மேடிசன் நகரத்தில் பெரிய கடைகளின் குளிர்பதன இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். அம்மாவுக்கு எல்லாமே ஃப்ரிட்ஜ்தான்.

"காத்து உன் பக்கம்தான் தூக்குது. மூட்டைய வை மொதல்ல" என்றேன்.

ஓரங்களில் மணல் மூட்டைகளை வைத்து முடித்ததும், மிஞ்சிய மூட்டையின் மேல் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"பூண்டு முழுக்க டோர்விக்குக்குக் குடுக்கறதா சொல்லிட்டேன்."

"விதைக்கு எடுத்து வெச்சதா?"

"அதத்தான் சொல்றேன். மூட்டை கட்டி வண்டியில ஏத்தியாச்சு. சனிக்கிழமை கொண்டுபோய் இறக்கிடுவேன்."

டோர்விக் பக்கத்துப் பண்ணைக்காரர். எங்கள் பண்ணையில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மற்றக் காய்களை வசந்தத்தில் விதைக்கிறோம். மனம் மாறினால் விதைக்காமல் விடலாம். பூண்டு மட்டும் அக்டோபரிலேயே மண்ணுக்குள் போகும். பனிக்கடியில் குளிர்காலம் முழுக்கக் கிடந்து அடுத்த ஜூலையில் வெளியே வரும். பூண்டு நட்டுவிட்டால் அடுத்த வருடத்துக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. அம்மா ஒவ்வொரு செப்டம்பரிலும் "இந்த வருஷம் நடமாட்டேன்" என்பாள். அக்டோபரில் முட்டி போட்டு நட்டுக்கொண்டிருப்பாள்.

அவளைக் கட்டிப்போட்டவர்கள் பங்குக்காரர்கள். சுற்றுவட்டாரக் குடும்பங்கள். வசந்தத்திலேயே ஒரு பங்குக்குப் பணம் கட்டிவிட்டு, ஜூன் முதல் பனி விழும்வரை வாரம் ஒரு பெட்டி காய்கறி வாங்கிப்போவார்கள். விளைந்தால் எல்லோருக்கும் விளைச்சல். ஆலங்கட்டி அடித்தால் எல்லோருக்கும் நஷ்டம். முகம் சுளிக்காத மனிதர்கள்.

அம்மா பக்கத்துக் குன்றில் ஒரு பால்பண்ணையில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த இடமும் பால்பண்ணை. பால் விலை விழுந்தபோது அப்பா மாடுகளை விற்றார். அந்த வருடமே மினியாப்பொலிஸுக்கு வேலைக்குப் போனார், திரும்பவில்லை. அம்மா காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இடைப்பட்ட நேரத்தில் மேய்ச்சல் நிலத்தைப் பாத்திகளாக்கினாள். அப்படித்தான் இந்தப் பண்ணை உண்டானது. ஆசைப்பட்டுத் தொடங்கியதில்லை.

அவளுடைய அத்தை மகள் இங்க்ரிட்டுக்கு வடக்கே ஏரிக்கரையில் ஒரு மரவீடு உண்டு. கோடை தோறும் கூப்பிடுவாள். ஆகஸ்டில் தக்காளியை விட்டுவிட்டு யார் போவது? அம்மா அங்கே போனது ஒரே ஒரு முறை, ஜனவரியில். ஏரி உறைந்து, மேலே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. "தண்ணியவே பாக்கல. ரோட்டப் பாத்துட்டு வந்தேன்" என்றாள். ஒரு ஆகஸ்ட் மாதம் அந்தக் கரையில் சும்மா உட்கார வேண்டும் என்பதற்கு மேல் அவள் எதையும் கேட்டு நான் அறியேன்.

நிறுத்திவிடுவதாகச் சொல்லிப் பார்க்காமலும் இல்லை. சில வருடங்களுக்கு முன், தேவாலயத்து நிலவறையில் அறுவடை விருந்து. எல்லோரும் தட்டும் கையுமாக இருந்தபோது அம்மா எழுந்து, "எனக்கு முன்னமாதிரி முடியல" என்றாள். மீதியைச் சொல்வதற்குள் மார்லிஸ் ஓடெகார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்குப் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். பங்குக்காரர்களுக்கு அவர்தான் தலைவி மாதிரி.

"ஆர்டிஸ், நீ ஒத்தையா கஷ்டப்பட்டது எங்க தப்பு. இனிமே பாரு."

ஏப்ரலில் ஏணியும் துளைக்கருவியுமாக வந்து ஒரு பசுமைக்குடில் கட்டிக்கொடுத்தார்கள். கதவுக்கு மேல் அவள் பெயரை எழுதினார்கள். இணைப்புகளையும் தரையில் அறைந்த நங்கூரங்களையும் நான் ஏறிச் சோதித்தேன். சுத்தமான வேலை.

"எத்தன வருஷம் தாங்கும்?" அம்மா கேட்டாள்.

"இரும்புச் சட்டம் இருபது வருஷம் தாங்கும்."

"அதுக்குள்ள நான் துருப்பிடிச்சிடுவேன்."

அந்த அக்டோபரில் வழக்கத்தைவிட அதிகமாகப் பூண்டு நட்டாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் துணி போர்த்திய அன்று கேட்டேன்: "அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா இன்னொண்ணு கட்டிடுவாங்கடா." கையுறையைக் கழற்றி மடியில் தட்டினாள். "ஒருத்தராவது கெட்டவங்களா இருந்தா சௌகரியமா இருக்கும். எல்லாரும் நல்லவங்களா இருந்து தொலைக்கறாங்க. பூண்டு வீட்ட விட்டுப் போகட்டும். அப்புறம் யாரு அழுதாலும் நடறதுக்கு ஒண்ணும் இருக்காது."

வெள்ளிக்கிழமை காலை, பெட்டி அடுக்கும் கொட்டகையில் விழுந்தாள். இதயம். நான் வந்து சேர்ந்தபோது அவளைக் கொண்டுபோயிருந்தார்கள். தரையில் சிதறிய குடைமிளகாய்களை யாரோ பொறுக்கிக் கழுவி, மீதிப் பெட்டிகளையும் அடுக்கி முடித்திருந்தார்கள். அந்த வாரம் ஒரு பெட்டிகூடத் தவறவில்லை.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை, டோர்விக் வீட்டுக்குப் போகலாம் என்று வெளியே வந்தேன். வாசல் பாதை முழுக்கக் கார்கள். அம்மாவின் பிக்கப்புக்குப் பின்னால் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. பங்குக்காரர்கள் பாத்தியில் ஏற்கெனவே கயிறு கட்டி, வைக்கோல் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் டீச்சர் பூசணி கேக் தட்டோடு வந்தார்.

"உங்கம்மா பூண்ட நடாம விடுவமாப்பா? பாரு, பாத்திக்குக் கொண்டுபோறதுக்குன்னே வண்டியில ஏத்தி வெச்சிருக்கா, பாவம்."

"டீச்சர், அது டோர்விக்குக்கு."

"டோர்விக்குக்கா? அந்தாளு கைராசிக்கு வீட்டுக் கூரையில வெதச்சாலும் மொளைக்கும். அவருக்கெதுக்கு?"

"அம்மா இந்த வருஷம் நடறதா இல்ல."

"தெரியும்ப்பா. முடியலன்னு அன்னிக்கே சொன்னாளே." என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அதனாலதானே நாங்க வந்திருக்கோம். நீ ஒண்ணும் செய்ய வேணாம். வாரக் கடைசியில வந்து எட்டிப்பாரு, போதும். பம்பு, குளிர் அறை எல்லாம் உனக்குத் தெரியாததா? அடுத்த வருஷத்துக்கு எல்லாரும் பேரு குடுத்தாச்சு."

சரி என்று சொல்ல வாய் திறந்தது. அவ்வளவு எளிது அது. எதிரே நின்றவருக்குக் கண் கலங்கியிருந்தது, கையில் தட்டு.

வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினேன். கண்ணாடியை இறக்கினேன்.

"டீச்சர், உங்க காரைக் கொஞ்சம் எடுங்க."

"எங்க போற? காப்பி ஊத்தியாச்சு."

"டோர்விக் வீட்டுக்கு. இதையெல்லாம் இறக்கணும். அம்மா நிறுத்திட்டாங்க டீச்சர். முடியாமப் போய் இல்ல. போதும்னு."

டீச்சர் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வண்டியின் முகப்பில் வைத்தார்.

"என்னுது நடுவுல இருக்கு" என்றார் கடைசியில். "மொதல்ல வெண்டல் எடுக்கணும்."

வெண்டல் பாத்தியின் மறுகோடியில் மண் கிளறிக்கொண்டிருந்தார். காது சரியாகக் கேட்காது. டீச்சர் அவரைக் கூப்பிட நடந்தார், மெதுவாக. வழியில் ஒவ்வொருவரிடமும் நின்று ஏதோ சொன்னார். ஒவ்வொருவராக நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார்கள். நான் இயந்திரத்தை அணைக்கவில்லை. பூண்டு மூட்டைகள் அவள் கட்டிய முடிச்சோடு பின்னால் கிடந்தன.