கல்லீரல் பிடித்து வைத்த செம்பு

தம்பிக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் முதலில் சாராயம் என்றார்கள். பட்டுத் தறியில் சேலைக் கரைக்கு நூல் நாடா எறிகிறவனுக்குக் கை நடுங்கினால் வேறு எதைச் சொல்வார்கள்? அப்பா அவன் பக்கத்தில் போய் வாயை மோந்து பார்த்தார். காப்பி வாசனைதான் வந்தது.

அப்புறம் ஜரிகை என்றார்கள். அறுந்த ஜரிகையை எச்சில் தொட்டு முறுக்கிச் சேர்ப்பது தறிக்காரர்கள் பழக்கம். அது வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டதாம். அப்படியானால் காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்குக் கை நடுங்க வேண்டாமா என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்று பதில் வந்தது. கடைசியில் செய்வினை என்று முடிவு கட்டினார்கள். அதற்குள் அவன் கண் மஞ்சள் பூத்துவிட்டது.

அம்மாவுக்கு யார் பேச்சும் தேவைப்படவில்லை. பூஜை அலமாரியிலிருந்த செப்புச் சொம்பில் தண்ணீர் ஊற்றி, வில்வம் போட்டு மூடி வைத்து, மறுநாள் விடிந்ததும் வெறும் வயிற்றில் அவனைக் குடிக்க வைத்தாள். செம்பில் ஊறிய தண்ணீர் உடம்பிலுள்ள கெட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்பது எங்கள் தெருவில் யாரும் சந்தேகப்படாத சங்கதி. அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

உள்ளூர் டாக்டர் கைவிரித்த பிறகு மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர் விளக்கை அவன் கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கருவிழியின் ஓரத்தில் துருப்பிடித்த மாதிரி ஒரு வளையம். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அதை நான் பார்த்ததில்லை. அது செம்பு என்றார். பிறகு, அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். அம்மா பெருமையாகவே சொன்னாள்: "எங்க ஊட்ல சொந்தம் உட்டுப்போன கல்யாணமே கெடையாது சார்."

அவர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். நாம் தின்கிற சோற்றிலும் பருப்பிலும் துளித் துளி செம்பு இருக்கிறது. கல்லீரலுக்குள் ஒரு புரதம் அதைப் பிடித்துக் கட்டி வைத்துக்கொள்கிறது, அலைந்து திரிந்து கெடுதல் செய்யாமல் இருக்க. மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். தம்பிக்குத் தள்ளுகிற வழி பிறவியிலேயே அடைப்பு. அந்தக் குறையில் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வந்தது. பாதி இருந்தால் ஒன்றும் செய்யாது; இரண்டும் சேர்ந்தால்தான் வியாதி, சொந்தத்துக்குள் கட்டினால் அப்படிச் சேருவது அதிகம். புரதம் பாவம், பிடிக்கிற மட்டும் பிடித்தது. இடம் நிரம்பியதும் செம்பு கல்லீரலை அரித்து, ரத்தத்தில் இறங்கி, மூளைக்கும் கண்ணுக்கும் போய்விட்டது. இதற்கு ஒரு வெளிநாட்டு மாத்திரை உண்டு, அது செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கிவிடும், ஆனால் ஆரம்பத்தில் நடுக்கம் கூடினாலும் கூடும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

கூடியது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை, நான் ஊட்டினேன். பேச்சும் குழறியது. மாதா மாதம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். தள்ளாடுகிறவனைப் பார்த்து, காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டான் என்று ஒருவர் சொல்லாத நாளில்லை. முதலில் சண்டை போட்டேன். பிறகு அதற்கும் தெம்பில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு அவன்தான் சிரிப்பான். நான் பிசைந்த சோற்றில் உப்பில்லை என்று குழறிக் குழறிக் கேலி செய்வான். அந்த வாயை நாலு சாத்து சாத்த வேண்டும்போல இருக்கும், அழுகையாகவும் இருக்கும்.

இத்தனை மாதம் மாத்திரை சாப்பிட்டும் சிறுநீரில் இறங்குகிற செம்பு குறையவே இல்லையே, உள்ளே புதிதாகப் போகிறதா என்று ஒருநாள் டாக்டர் கேட்டார். அம்மா ஒளிக்கவில்லை. மாத்திரையோடு சொம்புத் தண்ணீரையும் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள். "முள்ள முள்ளாலதானே சார் எடுக்கணும்? உள்ள கீறது கெட்ட செம்பு. இது சாமி செம்பு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். சாமி செம்பானாலும் செம்பு செம்புதானம்மா என்று கோபமாகச் சொன்னார். அம்மாவைப் பார்த்ததும் அந்தக் கோபமும் இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அவள் அன்றைக்கே சொம்பைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். ஆனால் தம்பியின் வயிறு அதற்குள் நீர் கோத்துக்கொண்டு வீங்கிவிட்டது.

கூடப்பிறந்தவர்களுக்கும் சோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் ஒருத்திதான் இருந்தேன். தை பிறந்தால் என்னை அம்மாவின் கடைசித் தம்பிக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. கல்லு மாதிரி இருக்கிற பெண்ணுக்கு ஊசி குத்தி ஊர்வாயில் போடுவதா என்று அம்மா ஆடித் தீர்த்தாள். நானும் விட்டுவிட்டேன். ஒரு நோயாளிக்கே அலைந்து கால் தேய்ந்துபோயிற்று. இன்னொன்றைத் தேடிப் போக யாருக்கு உடம்பில் சக்தி இருக்கிறது?

தம்பி விடவில்லை. ஒரு காலையில் மாத்திரையை நீட்டினேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மறுநாளும் அப்படியே. அம்மா கெஞ்சினாள், அப்பா அடிக்கக் கை ஓங்கினார். அவன் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னான்: "அக்கா ரத்தம் குடுக்கட்டும். அப்பறந்தான் நான் முழுங்குவேன்."

போனேன். ரத்தம் எடுத்தார்கள். ஒரு முழு நாள் சிறுநீரைப் பெரிய கண்ணாடிப் புட்டியில் சேர்த்து, துணி சுற்றி, ஊறுகாய் என்று பொய் சொல்லி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதன் பிறகுதான் அவன் மாத்திரைக்கு வாயைத் திறந்தான்.

எனக்கும் அதேதான். கையில் நடுக்கமில்லை, கண்ணில் வளையமில்லை. என் கல்லீரலில் மட்டும் செம்பு நிரம்பிக்கொண்டிருந்தது. அந்தப் புரதம் இன்னும் பிடித்து வைத்திருந்தது. இப்போதே மாத்திரை தொடங்கினால் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். ஊர் திரும்பியதும் அம்மா வீட்டுக்குள்கூட வரவில்லை. தெருவிலிருந்தே நேராகத் தன் தம்பி வீட்டுக்கு நடந்து போய், என் பெண்ணை உனக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அம்மாவுக்குப் பிறந்த வீட்டு உறவு அதோடு அறுந்தது.

தம்பியிடம் நான்தான் சொன்னேன். அவன் பாயில் படுத்திருந்தான். சிரித்தான். "நல்லவேளக்கா," என்றான், "எனக்கு முந்தி வந்துச்சு."

அடுத்த ஆடிக்கு அவன் இல்லை.

அவன் போனபோது அவனுக்கு இருந்த வயதைப்போல எனக்கு மூன்று பங்கு வயதாகிவிட்டது. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் காப்பிகூடக் கிடையாது. நீ கொடுத்து வைத்தவள் என்று சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று. மாத்திரையும் அலுத்துப்போயிற்று. சில நாள் எழுந்திருக்கவே மனசு வராது. ஆனாலும் எழுந்து போட்டுக்கொண்டுவிடுகிறேன். வேண்டாம் என்று விட்டுவிட எனக்கு உரிமை இல்லை, அவன் இருந்திருந்தால் வாயைத் திறக்க வைத்திருப்பான்.