கதவுக்கு வெளியே தொங்கும் சாவி

நார்வேயில் என் மகள் வசிக்கும் இந்தச் சிற்றூரில், கதவுக்கு வெளியே தொங்கும் ஒரு சாவி மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. காலை நடையில் தினமும் ஒரு மரக் கட்டடத்தைக் கடக்கிறேன். ‘குல்டூர்ஹூஸ்’ என்கிறார்கள், ஊரார் கூடிப் பாடவும் வாசிக்கவும் படம் வரையவுமான இடம். அதை நடத்துபவர் மாரித் என்ற ஃபிடில் கலைஞர். கட்டடத்தின் சாவி, நிலையில் அடித்த ஆணியில் எவர் கண்ணிலும் படும்படி தொங்கும்; வேண்டியவர் எடுத்துத் திறந்துகொள்ளலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று சுற்றும் முற்றும் பார்ப்பேன்.

ஆரணியில் எனக்கும் ஒரு கட்டடம் உண்டு. அப்பா தறி ஓட்டிய கொட்டகை. நான் கல்லூரி ஆசிரியனாகிவிட்டதால் அது காலியாகக் கிடந்தது. தெருக்கூத்துக்கு முகவீணைக் குழல் வாசிக்கும் ஏழுமலை ஒருநாள் வந்தார். “சும்மாத்தான கெடக்குது சார். நம்ம ஆளுங்க உக்காந்து பழக ஒரு எடம் வேணும்” என்றார். கொடுத்தேன். சேத்துப்பட்டிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் கலைஞர்கள் வர ஆரம்பித்தார்கள். மேடை கிடைக்காதவர்களுக்கு ஏழுமலை மேடை பிடித்துக் கொடுத்தார். இங்கே வந்த பிறகு அதைச் சொல்லி நான் பெருமையடித்துக் கொண்டதும் உண்டு.

போன மழைக்காலத்தில் ஊரிலிருந்து என் மைத்துனன் சேகர் அழைத்தான். “மாமா, அந்த ஏழுமலை நம்ம கொட்டாய் வாசல்ல அவன் பேரப் போட்டு போர்டு மாட்டிகினு கீறான். இப்பிடியே உட்டா நாளைக்கு எடமே என்னுதுன்னுவான். கோர்ட்டு கேஸுன்னு பேஜாராப் பூடும். ஜல்தியா ஒரு பூட்டப் போட்டுடலாம்.” கடல் தாண்டி வந்தவனுக்கு ஊர்ச்சொத்தை நினைத்து வரும் பயம் எப்படிப்பட்டது என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஏழுமலையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவர் அழைத்தார். “போர்டு வேணாம்னா கழட்டிடறேன் சார். மத்தளம் உள்ள மாட்டிக்கிச்சு. இந்த ஈரத்துல தோலு போயிடும்.” பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதன்பின் அவர் அழைப்பை நான் எடுக்கவேயில்லை. அவர் ஏமாற்றுகிறவர் அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

சென்ற மாதம் ஒரு காலையில், அறிமுகமில்லாத ஒருவர் குல்டூர்ஹூஸ் வாசலில் புகைபிடித்தபடி நின்றிருந்தார். சாவியையே பார்ப்பதாக எனக்குப் பட்டது. அவர் நகர்ந்ததும் சாவியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன், மாரித்திடம் கொடுக்கலாம் என்று. வீட்டுக்கு வந்ததும் மறந்துபோனேன். மாலையில் நினைவு வந்து ஓடினால், பனியில் ஒரு கூட்டமே நிற்கிறது. ஒரு முதியவர் அக்கார்டியனைத் தன் கோட்டுக்குள் பொத்தி வைத்திருந்தார். காலையில் பார்த்த ஆளும் கையில் தூரிகைப் பெட்டியுடன் நடுங்கிக்கொண்டிருந்தார். “பத்திரமாக வைத்திருந்தேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சாவியை நீட்டினேன். “யாரிடமிருந்து பத்திரமாக?” என்றார் மாரித். கோபமில்லை, புரியாமல்தான் கேட்டார்.

வீடு வந்து சேகரிடம் பூட்டைத் திறக்கச் சொன்னேன். மறுநாள் ஏழுமலையை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “சாப்டீங்களா சார்?” என்றார். பிறகு, “தோலு பூசணம் புடிச்சிகினு கெடக்குது. மாத்திக்கலாம். சாவி மட்டும் எங்கிட்ட வேணாம். நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா எம்பேருதான் அடிபடும்.”

இப்போது அவருக்கு என்னிடம் பயம்.

“வாசல்லயே ஆணியடிச்சு மாட்டச் சொல்றேன், ஏழுமலை.”

சிரித்துவிட்டார். “இந்த ஊர்லயா? நீங்க அங்கயே ரொம்ப நாள் இருந்துட்டீங்க சார்.” மறுபடி பழக வருவீர்களா என்று கேட்டேன். “பாக்கலாம் சார்.”

சேகர் திட்டிக்கொண்டே ஆணியடித்து, சாவியை மாட்டிப் படம் அனுப்பினான். அதற்குப் பிறகு யாராவது வந்தார்களா என்று அவனிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்தவன்தான் நான். இப்போது பயமெல்லாம், அதை யாருமே எடுக்காமல் போய்விடுவார்களோ என்பதுதான். தினமும் காலையில் மாரித்தின் கதவருகே நின்று, கையுறையைக் கழற்றி, ஆணியில் தொங்கும் சாவியைத் தொட்டுப் பார்க்கிறேன். பனியில் விரல் ஒட்டிக்கொள்கிறது. ஆரணியில் அந்நேரம் வெயில் ஏறியிருக்கும்.