இடது கையைத் திருப்பிக் கேட்டவர்

எங்கள் அச்சகத்தில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பவரை எல்லோரும் ‘பக்கம் அக்கா’ என்போம். பதினான்கு வருடமாக அதே நாற்காலி. அவர் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. முதலாளி எது சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் என்று, இயந்திரம் ஓட்டுகிற எனக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

அன்று காலை ஒரு ஜப்பானிய ஓவியர் இறந்துபோன செய்தி வந்தது. அவருடைய ‘மாங்கா’ படக்கதை ஒன்றின் மொழிபெயர்ப்பு எங்களிடம்தான் அச்சுக்குத் தயாராக இருந்தது. முதலாளி மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார்.

“ஓட்டுப்பா, ஓட்டு. சூடு ஆறுறதுக்குள்ள கடைக்குப் போயிடணும்.”

பிளேட்டை மாட்டி முதல் தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. தாளில் இருந்தது கதையின் நாயகி, ஊர் ஊராகப் போய் வரைபடம் வரைகிற சிறுமி. பேனா வலது கையில் இருந்தது.

“இதை ஓட்டாதப்பா. இவ இடது கைக்காரி.”

ஜப்பானியப் புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். வாசகர் குழம்பக்கூடாது என்று முதலாளி எல்லாப் படங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பச் சொல்லியிருந்தார். போன மாதம் உட்கார்ந்து திருப்பியதும் இதே அக்காதான்.

“அன்னைக்கே வாயைத் திறந்திருக்கலாமே?” என்று எரிந்து விழுந்தேன்.

“முழுங்கிட்டேன். வரைஞ்சவர் உயிரோட இருக்கார், என்னைக்காவது இது அவர் கண்ணுல பட்டா அவரே சண்டை போடுவார்னு இருந்தேன். இனிமே யார் போடுவா?”

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். “எந்தக் கையில பிடிச்சா என்னம்மா? படிக்கிறவன் கையையா பார்க்கப்போறான்?”

“நான் பார்த்தேன் சார்.” அக்கா எழுந்து நின்றார். “ஏழு வயசுல அம்மா என் இடது கையைத் துணியால இடுப்போட சேர்த்துக் கட்டிடுவாங்க. பீச்சாங்கையால எழுதினா குடும்பத்துக்கே அசிங்கம்னு சொல்லுவாங்க. ஒருநாள் பக்கத்து வீட்டு டிவியில இவ கார்ட்டூனா வந்தா. அதுக்குப் பேரு அனிமேன்னுகூட எனக்குத் தெரியாது. இடது கையால வரைஞ்சா சார், யாருமே அவளை அடிக்கல. கட்டின கையோட தினமும் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்.”

முதலாளி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “நீ ஓட்டு.”

என் விரல் பொத்தான்மேல் இருந்தது. எனக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

“மை சரியா ஏறல சார். கொஞ்ச நேரம் ஆகும்” என்றேன். பச்சைப் பொய். அவருக்கும் அது தெரியும்.

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். “நூத்தி அறுபது பக்கம். எல்லாப் படத்தையும் திருப்பி, வசனத்தை எல்லாம் இடம் மாத்தணும். எப்போ முடிப்பே?”

“நாளைக்குச் சாயங்காலம் சார். வலப்பக்கமா படிக்கணும்னு முன்னாடி ஒரு குறிப்பு போட்டுடலாம்.”

முதலாளி ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் தட்டி வைத்தார். “தாமதத்துக்கு நீதான் பொறுப்புன்னு எழுதிக் கொடு. நாளைக்குப் பிசகினா வேலைக்கு வராதே.”

பிசகவில்லை. மறுநாள் நான்கு மணிக்கே முடித்துக் கொடுத்துவிட்டார், வேலையும் போகவில்லை. இருந்தாலும் அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளைத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

அன்று அதில் எழுத அக்கா பேனாவை இடது கையில் எடுத்தார். தாளில் வைத்தார். விரல்கள் இறுகின, மணிக்கட்டு ஆடியது, ஒரு சுழி கோணலாகப் போய்ப் பாதியில் நின்றது. அடுத்த எழுத்து வரவே இல்லை. நானும் முதலாளியும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு பேனாவை வலது கைக்கு மாற்றி, முத்து முத்தான எழுத்தில், தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார்.