கமலநாதன் பெயரில் ஆடியவன்

போன கிழமை மார்க்கம் வீதி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் இளைஞன் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, தோளிலிருந்து குறுக்கே இறங்கும் சிவப்புப் பட்டி. பெரு நாட்டு உதைபந்தாட்ட அணியின் சட்டை. அவனுக்குப் பெருவும் தெரியாது, பந்தும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். காதில் எதையோ செருகிக்கொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்தப் பட்டியைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் சூடான பிளாஸ்டிக் மணந்தது. வோபர்னில் இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் இருந்துவிட்டேன்.

அந்த மணத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இங்கே கனடாவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். கார்களுக்குப் பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் இடம். அந்த மணம் தலைமயிரில் ஏறும், கொண்டுபோன பாணில் ஏறும். வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி முதலில் மூக்கைத்தான் பொத்துவாள். எனக்கு எதிர் மெஷினில் நின்றவன் எஃப்ராயின். கட்டையான, கறுத்த, நெஞ்சகலமான ஆள். வேலைக்குப் புதிதாக வரும் எங்கள் பெடியள் நேரே அவனிடம் போய், "அண்ணை, வொஷ்ரூம் எங்கை?" என்று தமிழில் கேட்பார்கள். அவன் ஸ்பானிய மொழியில் வழி சொல்வான். எப்படியோ சரியான கதவுக்குத்தான் போய்ச் சேருவார்கள்.

அவன் யாரென்று எங்களுக்குத் தெரியவந்தது துப்புரவு வேலைக்கு வந்த, பெருவின் தலைநகர் லீமாவைச் சேர்ந்த ஒருத்தியால். அவள் முதல்நாள் அவனைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வாயில் கை வைத்தபடி நின்றாள். லீமாவில் மைதானம் முழுக்க எழும்பி நின்று கூப்பிட்ட பெயராம் அவனுடையது. பிறகு மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவனே உடைந்த ஆங்கிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான், யாரோ மூன்றாம் ஆளின் கதையைச் சொல்வதைப்போல. துறைமுகத்து மணலில் வெறுங்காலோடு பந்தடித்துப் பழகியவன். மீசை முளைக்கும் வயதில் முதல்தரக் கழகத்துக்குப் போனான். இடது கால்தான் அவனுக்கு எல்லாம். அந்தக் காலால் அடித்த கோல்களுக்காகத்தான் சிவப்புப் பட்டிச் சட்டை கிடைத்தது. பிறகு ஒரு பின்காப்பாளன் முழங்காலின் மேல் விழுந்தான். வெட்டித் தைத்தார்கள். திரும்பி வந்தபோது வேகம் வரவில்லை. பெரிய கழகம் சின்னக் கழகத்துக்குத் தள்ளிவிட, அது அதைவிடச் சின்னதற்குத் தள்ளிவிட, கடைசியில் மலைநாட்டு ஊரொன்றில் ஆடினான். அங்கே ஒரு பக்கம் ராணுவம், மறுபக்கம் ஆயுதக்காரர். ஒருநாள் அவனுடைய தமையனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டுவந்து விடவில்லை. அவன் பந்தை விட்டுவிட்டு நாட்டையும் விட்டான். இதைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாணைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். எனக்கு அந்தக் கதை புதிதில்லை பாருங்கள். நாட்டின் பெயர்தான் புதிது.

இனி எங்கள் கழகத்தின் கதைக்கு வருகிறேன். அந்த நாட்களில் கோடை வந்தால் ஸ்காபரோவில் ஊருக்கொரு உதைபந்தாட்டக் கழகம் முளைக்கும். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஊர்கள் இங்கேயும் வந்து மல்லுக்கட்டும். சுற்றுப்போட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. ஆடுகிறவன் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்கவேண்டும். வெளியாள் இறங்கினது பிடிபட்டால் கிண்ணமும் போகும், அடுத்த வருடப் போட்டியும் போகும். எங்கள் ஊர் அந்தக் கிண்ணத்தை ஒருமுறையும் தொட்டதில்லை. நான் வலது பின்காப்பு. நான் ஓடுவதைப் பார்த்தால் பந்துக்கே அலுப்பு வரும். அந்த வருடம் தப்பித்தவறி இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டோம். வந்ததும் எங்கள் முன்னணி வீரன் கணுக்காலை மடித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

கழகத் தலைவர் சபா அண்ணை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். எஃப்ராயினைப் பற்றி நான் அவரிடம் முன்பே அளந்திருந்தேன். "உன்ரை பெருக்காரனைப் பாத்தால் எங்கடை ஆள் மாதிரித்தானே இருக்கு" என்றார். தமிழ் தெரியாதே என்றேன். அதற்கும் வழி வைத்திருந்தார். ஊரில் கமலநாதன் என்று ஒரு பெடியன், கிட்டத்தட்ட இதே வயது. இடம்பெயர்ந்துபோன குடும்பம், இங்கே அவர்களுக்கு ஆட்கள் இல்லை. அவன் இப்போது கனடா வந்துவிட்டான், செல் குண்டு விழுந்ததில் பேச்சுப் போய்விட்டது என்று சொன்னால் யார் தோண்டப் போகிறார்கள்? எஃப்ராயினிடம் நான் ஒப்புக்குத்தான் கேட்டேன், மாட்டேன் என்பான் என்ற நம்பிக்கையில். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: ஆட்கள் வந்து பார்ப்பார்களா? நிறையப் பேர் வருவார்கள் என்றேன். முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு தலையாட்டினான்.

போட்டியன்று மைதான ஓரத்தில் ஒரு மேசை. அமைப்பாளர் ஒருவர் ஒலிவாங்கியோடு இருந்து ஒவ்வொரு ஆட்டக்காரனையும், "ஆற்றை மோன்?" என்று தகப்பன் பெயரைக் கேட்டுத்தான் உள்ளே விட்டார். எஃப்ராயினின் முறை வந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சபா அண்ணை முந்திக்கொண்டு தகப்பன் பெயரைச் சொன்னார், செல் கதையையும் சொன்னார். அமைப்பாளர் கொஞ்ச நேரம் எஃப்ராயினின் முகத்தையே பார்த்தார். செல் என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் ஆட்களால் மேலே ஒன்றும் கேட்கமுடியாது. போகச் சொல்லிக் கை காட்டினார். ஆனால் எதிரணியின் பயிற்சியாளர் விடவில்லை.

"ஊமை எண்டால் காதும் கேளாதே. உவன் விசிலுக்கு எப்பிடி நிப்பான்?"

"வாய்தான் போட்டுது. காது கிடக்கு" என்றார் சபா அண்ணை. குரல் ஆடவில்லை. மனுசன் அரசியலுக்குப் போயிருக்கலாம்.

ஆட்டம் தொடங்கி எதிரணி ஒரு கோல் போட்டது. பிறகு பந்து ஒருமாதிரி எஃப்ராயினின் இடது காலுக்குக் கிடைத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், என் இடத்தைவிட்டு நகரக்கூட மறந்து. இரண்டு பேரைத் தாண்டிப் போனதில் வேகம் ஒன்றும் இல்லை. அவர்கள் தாங்களாகவே விலகி வழிவிட்டதாகத்தான் தெரிந்தது. பந்து வலையில் கிடந்தது. சனம் எழும்பியது. ஒலிபெருக்கி "கமலநாதன்!" என்றது. சனம் அதைப் பிடித்துக்கொண்டு "கமலன், கமலன்" என்று கத்தியது. எஃப்ராயின் இரண்டு கைகளையும் உயர்த்தத் தொடங்கினான். பாதியில் அவை இறங்கிவிட்டன.

இடைவேளைக்கு நாங்கள் மர நிழலில் இருந்து தோடம்பழம் சப்பிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்த அம்மா வந்தார். பூமணி அன்ரி. எங்கள் ஊர்தான், ஆனால் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன்பே கனடா வந்தவர். கமலநாதன் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருந்தவராம். இது சபா அண்ணைக்குத் தெரியாது. அவர் முகம் வெளிறியதை அன்றுதான் கண்டேன். அன்ரி கடைசியாகக் கமலநாதனைக் கண்டபோது அவன் பள்ளிக்கூடக் காற்சட்டை போட்ட வயது. அதனால் அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரியாமல் இருக்கவே விரும்பினார். எஃப்ராயினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கொம்மா எங்கை மோனை? உன்னைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் எண்டெல்லே எழுதினவ."

இடம்பெயர்ந்து போனான் என்றுதான் சபா அண்ணை சொல்லியிருந்தார். பிடித்துக்கொண்டு போன கதை அவருக்கும் புதிது. எஃப்ராயினுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அன்ரியின் கையை விடவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபிறகு என்னிடம் திரும்பி, தன்னை யாரென்று அவர் நினைக்கிறார் என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். உனக்கு நாங்கள் தந்த பெயர் காணாமல் போன ஒருவனுடையது, எங்களுக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். சபா அண்ணை என் தோளைப் பிடித்து அழுத்தினார். எஃப்ராயின் தோடம்பழத் தோலை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பினான்.

இரண்டாம் பாதியில் அவன் வேறு ஆளாக ஆடினான். முழங்கால் வீங்கிக்கொண்டு வருவது எனக்கே தெரிந்தது. நொண்டினான், ஆனால் வெளியே வரவில்லை. சபா அண்ணை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கோல் பெட்டிக்கு வெளியே நின்று இடது காலால் ஓர் அடி. அந்தப் பந்து போனதை இன்றும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியாது. வென்றுவிட்டோம். பெடியள் அவனைத் தூக்க ஓடினார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டி நேரே மேசைக்குப் போனான். அமைப்பாளர் கைலாகு தருவதற்கு எழும்பினார். எஃப்ராயின் அவர் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினான்.

அவன் பேசியதும் மைதானம் அடங்கிப்போனது. தன் பெயரைச் சொன்னான். அவர்கள் வழக்கப்படி தன் பெயர், பிறகு தகப்பன் வழிப் பெயர், பிறகு தாய் வழிப் பெயர். லீமா என்றான், பெரு என்றான். கொஞ்ச ஆங்கிலத்தில், "நான் அவரில்லை. அவரின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றான். மேசையில் கேட்ட 'ஆற்றை மோன்' கேள்விக்கு அன்றைக்கு முழுமையாகப் பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான். எனக்குப் பயமாக இருந்தது. அதோடு பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

பிறகு ஒரே இரைச்சல். கிண்ணம் எதிரணிக்குப் போனது. சபா அண்ணை தலையில் கை வைத்தபடி புல்லில் இருந்துவிட்டார். சனத்தை விலக்கிக்கொண்டு பூமணி அன்ரி வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவர் என்னிடம்தான் பேசினார்.

"உவன்ரை தாய் இருக்கிறாவோ எண்டு கேள்."

கேட்டேன். இருக்கிறார், லீமாவில், என்றான்.

"அப்ப வீட்டை போனவுடனை ரெலிபோன் எடுக்கச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். எஃப்ராயின் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வருடக் கடைசியில் மேற்குப் பக்கம் வேலை கிடைத்துப் போனவன், அதற்குப் பிறகு என் கண்ணில் படவில்லை.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்கடுக்காய் வீடுகள். எங்கள் கழகம் கலைந்துவிட்டது. பிள்ளைகள் முதுகில் தங்கள் பெயரை அச்சடித்துக்கொண்டு எல்லா ஊர்க்காரரோடும் சேர்ந்து ஆடுகிறார்கள், யாருடைய மகன் என்று எவரும் கேட்பதில்லை. நல்லதுதான். பூமணி அன்ரி ரூஜ் பக்கம் மகன் வீட்டில் இருந்தபோது இறந்துபோனார். ஊரிலிருந்து புதிதாக யார் வந்தாலும் கமலநாதனைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு மைதானமே எழும்பி நின்று கூப்பிட்ட பெயர் அது. இப்போது கமலநாதனை விசாரிக்க ஒருவரும் இல்லை.